முதல் செவிலியர் பணி: பதிவெண் முதல் அனுபவச் சான்றிதழ் வரை

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் பட்டமோ ஜி.என்.எம். பட்டயமோ முடித்துவிட்டு வேலை தேடுகிறவருக்கு ஏதோ ஒரு மருத்துவமனையில் இடம் கிடைத்துவிடும். பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் கேட்டால் நாளைக்கே வரச் சொல்வார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டாண்டுகள் இரவும் பகலும் உழைத்துவிட்டு மத்திய அரசுத் தேர்வுக்கோ வளைகுடா நாட்டுப் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது, அந்த மருத்துவமனையில் ஐம்பது படுக்கைகள் இல்லை என்றோ, சான்றிதழில் பதவிப் பெயர் ‘பயிற்சியாளர்’ என்று இருக்கிறது என்றோ காரணம் சொல்லப்பட்டு, அந்த இரண்டாண்டுகளும் கணக்கில் வராமல் போகின்றன. ஆகவே முதல் வேலையை எப்படிப் பிடிப்பது என்பதோடு, பிற்பாடு செல்லுபடியாகும் வேலையாக அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் இங்கே வரிசையாகப் பார்க்கலாம். மாதச் சம்பளத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வித்தியாசத்தைவிட இது முக்கியம் என்பது என் கருத்து. கல்விக் கடன் தவணை தலைக்கு மேல் நிற்கிறவர்கள் இதை ஏற்காமல் போகலாம். அவர்கள் ஊதியம் பற்றிய பகுதியை முதலில் படித்துவிட்டு வரட்டும்.

பதிவெண் இல்லாமல் எதுவும் நகராது

இறுதியாண்டு முடிவு வந்தவுடன் செய்யவேண்டிய முதல் காரியம், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்வது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இக்குழுமத்தின் அலுவலகம் சென்னை மயிலாப்பூரில் உள்ளது. செவிலியராகவும் தாதியாகவும் பதிவு செய்யப்பட்டதைக் குறிக்கும் ஆர்.என்., ஆர்.எம். சான்றிதழ்கள் கையில் இல்லாதவரை, எந்த ஒழுங்கான மருத்துவமனையும் உங்களை ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று எழுதிக்கொள்ளாது. பட்டமளிப்பு விழா வரட்டும் என்று காத்திருப்பது வீண். தற்காலிகச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், படிப்பு நிறைவுச் சான்றிதழ் ஆகியவற்றைக் கல்லூரி அலுவலகத்தில் பெற்றவுடன் விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிடலாம். பல கல்லூரிகள் மாணவர்களின் விண்ணப்பங்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்புகின்றன. அது வசதிதான், ஆனால் ஒரு மாணவியின் புகைப்படம் சரியில்லை என்பதற்காக மொத்தக் கட்டும் அலுவலக மேசையிலேயே கிடக்கும் அபாயமும் அதில் உண்டு என்பதால், வாரம் ஒருமுறை நேரில் விசாரிப்பது நல்லது.

பெங்களூரு, மங்களூரு, சித்தூர் பக்கம் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் வேலை பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு படி கூடுதலாக ஏறவேண்டும். படித்த மாநிலத்தின் குழுமத்தில் முதலில் பதிவு செய்து, அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, அதன் அடிப்படையில் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யவேண்டும். இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே தாள்கள் போய்வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்திய நர்சிங் கவுன்சில் நடத்தும் தேசியப் பதிவேட்டில் ஒவ்வொரு செவிலியருக்கும் தனி அடையாள எண் தரப்படுகிறது. அதையும் இதே மூச்சில் முடித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் தமிழர்களுக்கே உரிய தொல்லை ஒன்று தலைகாட்டும்: பெயரின் முதலெழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில், பல்கலைக்கழகச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் என்று ஒரே ஆள் நான்கு பேராக நிற்பார். உள்ளூர் மருத்துவமனை இதைப் பொருட்படுத்தாது. வெளிநாட்டுச் சரிபார்ப்பு நிறுவனம் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கும். பதிவு விண்ணப்பத்தை நிரப்பும்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஆதாரையும் பான் அட்டையையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்வதே செலவு குறைந்த வழி. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இதற்குப் பிறகு எடுங்கள்.

கோப்பும் தடுப்பூசியும்

மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், நடத்தைச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஆதார், பான் ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்ட தனிக் கோப்பாக மின்னஞ்சலில் சேமித்துவையுங்கள். பல்கலைக்கழகத்திடமிருந்து டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பாடவாரியாக வகுப்பு நேரமும் மருத்துவமனைப் பயிற்சி நேரமும் குறிக்கப்பட்ட பட்டியல், வெளிநாட்டு வேலைக்குத்தான் தேவை. என்றாலும் உங்களைத் தெரிந்த ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் கல்லூரியில் இருக்கும்போதே அதற்கான வேலையைத் தொடங்குவது எளிது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது என்பது அதன் கணக்கு. கல்லூரியில் இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதை மறந்தவர்கள் ஏராளம். தரமான மருத்துவமனைகள் பணியில் சேரும்போதே இந்த விவரத்தைக் கேட்கின்றன. சில இடங்களில் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவையும் சோதிப்பார்கள். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி, அதாவது பி.எல்.எஸ்., இருந்தால் விண்ணப்பத்துக்கு வலுச் சேரும். அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். அட்டை இரண்டாண்டுகளுக்குச் செல்லும். அதற்கு அடுத்த நிலையான ஏ.சி.எல்.எஸ். பயிற்சிக்கு இப்போதே பணம் கட்ட வேண்டியதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில மாதங்கள் நின்ற பிறகு படித்தால்தான் அது மண்டையில் ஏறும். பெரிய மருத்துவமனைகளில் பணியாளர்களுக்கு இலவசமாகவே நடத்துகிறார்கள்.

எந்த மருத்துவமனை?

விளம்பரத்தில் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் படுக்கை எண்ணிக்கையைக் கேளுங்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை எழுத, ஜி.என்.எம். முடித்தவர்களுக்குக் குறைந்தது ஐம்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் தேவை. இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளின் 1,930 செவிலியர் பணியிடங்களுக்கு 2024இல் யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்தியபோதும், ஜி.என்.எம். முடித்தவர்களிடம் ஐம்பது படுக்கை மருத்துவமனையில் ஓராண்டு அனுபவம் கேட்கப்பட்டது. பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு இந்த இரண்டிலும் அனுபவ நிபந்தனை இல்லை. எனவே பட்டயப் படிப்பு முடித்த ஒருவர் இருபது படுக்கை நர்சிங் ஹோமில் சேர்வதும், சற்றுத் தள்ளி நூறு படுக்கை மருத்துவமனையில் சேர்வதும் ஒன்றல்ல.

படுக்கை எண்ணிக்கைக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சிறிய இடங்களில் புதிதாக வந்தவரை இரண்டாவது வாரமே தனியாக நைட் டியூட்டியில் போட்டுவிடுவார்கள். மருத்துவர் வீட்டில் இருப்பார், மருந்தகம் பூட்டியிருக்கும், பிரசவ வலியோடு ஒருவர் வந்து நிற்பார். துணிச்சல் வரும் என்று சிலர் இதைப் புகழ்வதுண்டு. தவறு செய்தால் அது தவறு என்று சொல்ல ஆளில்லாத இடத்தில் வளரும் துணிச்சல் ஆபத்தானது என்றே நான் நினைக்கிறேன். மூத்த செவிலியர் ஒருவரின் கீழ் சில வாரங்களாவது வேலை பார்க்கவிடும் இடம் வேண்டும். மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைகள், அறக்கட்டளை மற்றும் மிஷன் மருத்துவமனைகள், என்.ஏ.பி.எச். தரச்சான்று பெற்ற தனியார் மருத்துவமனைகள் ஆகியவற்றில் இந்த ஏற்பாடு ஓரளவு நிச்சயம். தரச்சான்று ஆய்வுக்கு வருகிறவர்கள் பணியாளர்களின் பயிற்சிப் பதிவேட்டைக் கேட்பார்கள் என்பதால் அங்கே அறிமுகப் பயிற்சியைத் தட்டிக்கழிக்க முடியாது.

பெரிய பெயருள்ள மருத்துவமனையானாலும் எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வேலையே புறநோயாளிப் பிரிவில் மருத்துவரின் அறை வாசலில் டோக்கன் கூப்பிடுவதாக அமைந்தால், இரண்டாண்டு கழித்து ஊசி மருந்துக் கணக்கே மறந்திருக்கும். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை வார்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு, அவசர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். டயாலிசிஸ், கண் மருத்துவம் போன்ற தனித்துறைகள் பிற்பாடு நல்ல வாய்ப்புகளைத் தரும் என்றாலும் முதல் ஆண்டுக்கு அவை மிகவும் குறுகியவை. ஆண் செவிலியர்களைப் பல மருத்துவமனைகள் தீவிர சிகிச்சை, அறுவை அரங்கம், அவசரப் பிரிவு என்று மட்டுமே எடுக்கின்றன. நார்செட் தேர்விலும் நூற்றுக்கு எண்பது இடங்கள் பெண்களுக்கு என்பதால், ஆண்கள் தனியார் துறையில் தீவிர சிகிச்சை அனுபவத்தைச் சீக்கிரமே சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாய்ப்புகளைக் கண்டுபிடிக்கும் வழிகளில் கல்லூரி வளாகத் தேர்வும், ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் சீனியர்களும்தான் நம்பகமானவை. சீனியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்? பதில் வரும் வேகத்திலேயே பாதி விஷயம் புரிந்துவிடும். இந்தியாவுக்குள் உள்ள மருத்துவமனை வேலைக்கு முன்பணம் கேட்கும் எந்த ஏஜென்சியையும் அண்ட வேண்டாம்.

தன்விவரக் குறிப்பு

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர்’ என்று எழுதுவதைவிட, இறுதியாண்டில் எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கை வார்டில், எத்தனை வாரம் பயிற்சி பெற்றீர்கள் என்பதை எழுதுங்கள். தனியாகச் செய்தவை, மேற்பார்வையில் செய்தவை, பார்த்தவை என்று செயல்முறைகளைப் பிரித்துக் காட்டினால் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் அதைக் கவனிப்பார்; எல்லாவற்றையும் ‘செய்திருக்கிறேன்’ என்று எழுதுகிறவரிடம்தான் குறுக்குக் கேள்விகள் அதிகம் வரும். பதிவெண்ணை முதல் பக்கத்தின் மேலேயே இடுங்கள். பரிந்துரைக்க இரண்டு ஆசிரியர்களின் பெயரைத் தருவதாக இருந்தால், அவர்களிடம் சொல்லிவிட்டுத் தாருங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பெரும்பாலான மருத்துவமனைகளில் முதலில் ஒரு சிறிய எழுத்துத் தேர்வு, பிறகு நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் அல்லது பிரிவின் இன்சார்ஜ் சிஸ்டரோடு நேர்காணல், கடைசியாக மனிதவளத் துறையோடு ஊதியப் பேச்சு என்று நடக்கும். பாடப்புத்தக விளக்கங்களைவிடக் கையும் கணக்கும்தான் அங்கே சோதிக்கப்படுகின்றன.

சொட்டுக் கணக்கு கட்டாயம் வரும். 500 மில்லி சலைனை ஆறு மணி நேரத்தில் ஏற்றவேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டால், மில்லிக்கு இருபது சொட்டு தரும் ஐ.வி. செட்டுக்கு 500ஐ 20ஆல் பெருக்கி 360 நிமிடத்தால் வகுக்க 28 என்று வரும். ஆனால் மில்லிக்குப் பதினைந்து சொட்டு தரும் செட் என்றால் விடை 21. ஆகவே கணக்கைத் தொடங்குவதற்கு முன், ‘செட்டின் உறையில் எத்தனை சொட்டு என்று போட்டிருக்கிறது?’ என்று நீங்கள் திருப்பிக் கேட்டால், விடை சொல்வதற்கு முன்பே அந்த வேலை பாதி உங்களுடையது.

அடுத்தது இன்சுலின். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ள குப்பியும் புழக்கத்தில் இருக்கின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்தாவது கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது பத்து யூனிட் அல்ல, இருபத்தைந்து. இதைக் காரணத்தோடு விளக்கத் தெரிந்தவரை எந்த இன்சார்ஜ் சிஸ்டரும் விட்டுவிட மாட்டார். பொட்டாசியம் குளோரைடை ஏன் நேரடியாக நரம்பில் செலுத்தக் கூடாது என்பதும் அதே வரிசைக் கேள்வி.

மருத்துவக் கழிவு விதிகள் 2016இல் திருத்தப்பட்டன. கழிவுத் தொட்டிகளின் நிறங்கள் மனப்பாடமாக இருந்தால் போதாது, பொருளைக் காட்டிக் கேட்டால் சொல்லத் தெரியவேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளில், பயன்படுத்திய ஐ.வி. குழாயும் கையுறையும் சிவப்பில், ஊசி முனைகளும் பிளேடும் வெள்ளை நிறத் துளைபடாப் பெட்டியில், உடைந்த ஆம்பியூல் போன்ற கண்ணாடி நீலத்தில். கை கழுவும் ஐந்து தருணங்கள், ரத்தக் குழாயில் செருகும் கேனுலாவின் நிறங்களும் அளவுகளும் (18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள்), நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்பவையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும்.

சூழ்நிலைக் கேள்வியில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ‘அறுவை முடிந்து வார்டுக்கு வந்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் 80க்கு 50, என்ன செய்வீர்கள்?’ என்றதும், ‘டாக்டரைக் கூப்பிடுவேன்’ என்பது பலரின் பதில். கூப்பிடத்தான் வேண்டும்; கூப்பிட்டு என்ன சொல்வீர்கள் என்பதே அவர்கள் கேட்க விரும்புவது. நோயாளியின் சுயநினைவு, நாடித்துடிப்பு, காயத்தின் கட்டுத்துணியில் ரத்தம் கசிகிறதா, வடிகால் பையில் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டு, ஐ.வி. வழி ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, யார் பேசுவது, எந்த நோயாளி, இப்போது என்ன நிலை, முன்பு என்ன நடந்தது, நான் என்ன கண்டேன், உங்களிடம் என்ன வேண்டும் என்ற வரிசையில் தொலைபேசியில் சொல்வேன் என்று பதில் அமையட்டும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொல்லலாம். ‘மருந்து விவரத் தாளைப் பார்த்த பிறகே கொடுப்பேன்’ என்று சேர்த்துச் சொல்கிறவரை அவர்கள் நம்புவார்கள்; ஊகித்துச் சொல்கிறவரை நம்பமாட்டார்கள்.

சம்பளம், பாண்டு, நியமன ஆணை

தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதியம் பற்றி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட மத்திய அரசின் நிபுணர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகத் தரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரளம் 2018இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையாகவே 20,000 ரூபாயைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பல மருத்துவமனைகள் இன்னும் அதற்குக் கீழேதான் தருகின்றன. இது நியாயமல்ல, ஆனால் பேரம் பேசும்போது அந்தக் குழுவின் அளவு உங்கள் மனத்தில் இருக்கட்டும்.

சொல்லப்படும் தொகையும் கைக்கு வருவதும் வேறு. மாதம் 18,000 ரூபாய் என்று சொல்கிறார்கள், அதில் அடிப்படையும் அகவிலைப்படியும் 12,000 என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்புநிதிக்கு 12 விழுக்காடாக 1,440, இ.எஸ்.ஐ.க்கு முக்கால் விழுக்காடாக 135, விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் 4,000 போக மிஞ்சுவது 12,425. விடுதியில் தங்குவது கட்டாயமா, நைட் படி உண்டா, மருத்துவமனை கட்டவேண்டிய வைப்புநிதிப் பங்கையும் உங்கள் 18,000க்குள்ளேயே அடக்கிக் காட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வைப்புநிதிப் பிடித்தத்தை நஷ்டமாக நினைக்கவேண்டாம். நீங்கள் அங்கே பணிபுரிந்தீர்கள் என்பதற்கு அரசுப் பதிவேட்டில் இருக்கும் சாட்சி அதுதான். ஓராண்டு ‘டிரெய்னி’ என்று வைத்து உதவித்தொகையாகத் தந்தால் அந்தச் சாட்சியும் இருக்காது, அனுபவமும் கேள்விக்குள்ளாகும். மூன்று மாதப் பயிற்சிக் காலம் சரி. ஓராண்டு என்றால் வேறு இடம் பாருங்கள்.

பாண்டு எனப்படும் பிணை ஒப்பந்தம் இன்றும் பல இடங்களில் இருக்கிறது: இரண்டாண்டுகள் வேலை பார்க்காவிட்டால் இவ்வளவு பணம் கட்டவேண்டும் என்று முத்திரைத்தாளில் கையெழுத்து. கையெழுத்திடும் முன் மூன்றைப் பாருங்கள். காலம் எவ்வளவு, தொகை எவ்வளவு, மாதங்கள் கழியக் கழிய அந்தத் தொகை குறைகிறதா. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு மட்டும் எந்த நிலையிலும் இணங்க வேண்டாம். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவதுதான் முறை. சான்றிதழ் அவர்கள் பெட்டியில் இருக்கும்வரை உங்களால் பதிவைப் புதுப்பிக்கவோ, அரசுத் தேர்வின் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகவோ, ராஜினாமா செய்யவோ முடியாது. மறுத்தால் வேலை போய்விடுமே என்று தோன்றும். செவிலியர் பற்றாக்குறை இருக்கும் நாட்டில், சான்றிதழைப் பிடித்துவைத்து ஆளை நிறுத்தவேண்டிய நிலையில் ஒரு மருத்துவமனை இருக்கிறது என்றால், அங்கிருந்து ஏன் எல்லோரும் ஓடுகிறார்கள் என்று யோசிக்கலாம்.

நியமன ஆணையில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்ற பதவிப் பெயர், சேரும் தேதி, ஊதியப் பிரிப்பு, வேலை நேரம், விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் ஆகியவை இருக்கவேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன எதுவும் ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

அரசுப் பணிக்கான தயாரிப்பை நிறுத்தவேண்டாம்

தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளுக்கான செவிலியர்களை 2012இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., எடுக்கிறது. பாடத்தேர்வோடு தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் பாடத்தாள் திருத்தப்படாது. ஆங்கில வழியிலேயே படித்து வந்தவர்கள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மீண்டும் புரட்டுவது நலம். தேர்ச்சி பெற்றாலும் முதலில் கிடைப்பது தொகுப்பூதியப் பணியாக இருக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டே எழுதுங்கள். 2015இல் தேர்வெழுதி 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் நடத்திய போராட்டம் பலருக்கு நினைவிருக்கும்.

மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வெளியிடும் ஒப்பந்தப் பணியிடங்கள் இதிலிருந்து வேறானவை. இவை பெரும்பாலும் பதினொரு மாத ஒப்பந்தம். அறிவிப்பு அந்தந்த மாவட்டத்தின் அரசு இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்கக் கிடைப்பது இரண்டு வாரம்கூட இருக்காது. சொந்த மாவட்டத்தோடு அண்டை மாவட்டங்களின் தளங்களையும் வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் வேண்டும். 108 ஆம்புலன்ஸ் சேவையின் மருத்துவ உதவியாளர் பணிக்கும் செவிலியப் படிப்பு முடித்தவர்களை எடுக்கிறார்கள். அவசர சிகிச்சையில் ஆர்வமுள்ளவர்களுக்கு நல்ல இடம், ஆனால் அது மருத்துவமனை வார்டு அனுபவமாகக் கருதப்படாமல் போகலாம்.

மத்திய அரசுப் பணிகளில் நார்செட்டும் ரயில்வேயும் ஏழாவது ஊதிய நிலையில், அதாவது 44,900 ரூபாய் அடிப்படையில் தொடங்குகின்றன. 2020இல் தொடங்கிய நார்செட், 2023 முதல் முதல்நிலை, முதன்மை என இரண்டு கட்டமாக நடக்கிறது. தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் போகும், பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு முப்பது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது கடினம் என்று வேலையை விட்டுவிட்டுப் பயிற்சி மையத்தில் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜி.என்.எம். முடித்தவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் தேர்வுக்கான தகுதியே வேலையில் இருந்தால்தான் சேரும். பி.எஸ்சி. முடித்தவர்கள் தங்கள் குடும்ப நிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

வெளிநாடு

புதிதாக முடித்தவர்கள் இப்போதைக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சமே. வளைகுடா நாடுகளின் பெரும்பாலான வேலைகள் இரண்டாண்டு அனுபவம் கேட்கின்றன, பிரிட்டனுக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு பி2 நிலை ஜெர்மன் என்பதால், எந்த நாடு என்று முடிவு செய்தவர் மொழிப் படிப்பை முதல் வேலையோடு சேர்த்தே தொடங்கலாம். சவூதி, குவைத் உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்களுக்குக் குடியகல்வு அனுமதி 2015 முதல் கட்டாயம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்ற உச்சவரம்பு உண்டு. லட்சங்களில் பேசுகிற ஆளிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களை அனுப்புகிறது. அதன் அறிவிப்புகளை முதலில் பாருங்கள்.

சேர்ந்த பிறகு முதல் சில மாதங்கள்

ஒரு சிறிய குறிப்பேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்று பார்த்த புதிய மருந்து, அதன் வழக்கமான அளவு, எதில் கலப்பது, எவ்வளவு நேரத்தில் செலுத்துவது என்று எழுதிவந்தால் ஆறு மாதத்தில் அந்த வார்டுக்கான கையேடே உங்களிடம் இருக்கும். முந்தைய ஷிஃப்டிடமிருந்து நோயாளிகளைப் பொறுப்பேற்கும்போது, அதாவது ஓவர் எடுக்கும்போது, கட்டில் அருகே நின்று எடுங்கள். நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்து எடுத்தால், கழன்று கிடக்கும் கேனுலாவும் காலியான ஆக்சிஜன் உருளையும் உங்கள் ஷிஃப்டின் தவறாகவே எழுதப்படும். தொலைபேசியில் மருத்துவர் சொல்லும் மருந்தைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்து, நேரத்தோடு எழுதி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். செய்ததை மட்டுமே எழுதுங்கள். எல்லோரும் நான்கு மணிக்கு வெப்பநிலை 98.6 என்று எழுதுகிறார்கள் என்பதற்காக நீங்களும் பார்க்காமல் எழுதவேண்டாம்.

ஊசி குத்திவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். அந்த இடத்தைப் பிழியக் கூடாது. உடனே இன்சார்ஜிடம் சொல்லி, தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. புதியவர் திட்டு வாங்கப் பயந்து மறைப்பதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய கேடு.

விலகும்போது

முன்னறிவிப்பை மின்னஞ்சலில் கொடுத்து, அதன் காலம் முழுவதும் வேலை பார்த்து, விடுவிப்பு ஆணையோடு வெளியே வாருங்கள். பாதியில் நின்றுவிட்டுப் பிறகு சான்றிதழுக்கு அலைந்தவர்களின் கதை ஒவ்வொரு செவிலியர் விடுதியிலும் கேட்கும். அனுபவச் சான்றிதழில் உங்கள் பெயர் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா, பதவி ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று இருக்கிறதா, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் நாள், மாதம், ஆண்டோடு உள்ளனவா, பணிபுரிந்த பிரிவு, மருத்துவமனையின் மொத்தப் படுக்கை எண்ணிக்கை, முழுநேரப் பணி என்ற குறிப்பு, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அன்றே திருத்தி வாங்குங்கள். அடுத்த ஆண்டு அந்த மனிதவள அலுவலர் மாறியிருப்பார்.

சம்பளச் சீட்டுகள், வைப்புநிதி எண், நியமன ஆணை, விடுவிப்பு ஆணை ஆகியவற்றைச் சான்றிதழோடு ஒரே இடத்தில் வையுங்கள். மருத்துவமனையின் அதிகாரபூர்வ மனிதவள மின்னஞ்சல் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனங்கள் அந்த முகவரிக்குத்தான் எழுதும்; யாரும் பதில் தராவிட்டால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அப்போது நேரில் போய்க் கேட்க, இன்சார்ஜ் சிஸ்டரின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கட்டும்.